கடுங்குளிர்ப் பகுதியில் எலுமிச்சை இனங்கள்: தரையில் நடுவதா, தொட்டியிலேயே காப்பதா?

பனித்தோட்டம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் இருக்கும் பகுதியில் குளிர்கால இரவுகள் பெரும்பாலும் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் சில இரவுகளாவது மைனஸ் 7 அல்லது மைனஸ் 8 டிகிரி செல்சியஸ் வரை இறங்கிவிடும். அரிதாக மைனஸ் 11 வரையும் போயிருக்கிறது. பகலில் வெயில் வந்தால் உருகிவிடும் என்பதால், தரை நாட்கணக்கில் உறைந்து கிடப்பதில்லை.

என்னிடம் தொட்டியில் வளரும் எலுமிச்சை ஒன்று உள்ளது. குளிர்காலத்தில் அதைக் கண்ணாடி அடைத்த, வெப்பமூட்டி இல்லாத முன்கூடத்தில் வைக்கிறேன். அங்கே உறைபனி எட்டுவதில்லை; பகலில் நல்ல வெயிலும் படுகிறது. அப்படியிருந்தும் குளிர்காலத்தின் நடுப்பகுதியில், இலைகள் பழுக்காமல் பச்சையாக இருக்கும்போதே ஒன்றன்பின் ஒன்றாக உதிர்கின்றன. பல இடங்களில் இலைக்காம்பு மட்டும் கிளையிலேயே நின்றுவிடுகிறது. மண்ணில் ஈரம் இருக்கிறது. பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை.

இதனோடு இப்போது சட்சுமா ஆரஞ்சுக் கன்று ஒன்றும் கிடைத்துள்ளது, ஒட்டுக் கட்டியது. அது மைனஸ் 9 வரை தாங்கும் என்று ஓரிடத்திலும், மைனஸ் 5 வந்தாலே போய்விடும் என்று வேறோர் இடத்திலும் படித்தேன். இவற்றில் எதை நம்பித் தரையில் நடுவது? சட்சுமாவைக் காட்டிலும் உறுதியான வகைகள் உண்டா? எலுமிச்சையின் இலை ஏன் கொட்டுகிறது? அனுபவமுள்ளவர்கள் சற்று விரிவாகவே எழுதினால் உதவியாக இருக்கும்.


வேர்முடிச்சு எழுதியது:

வணக்கம் பனித்தோட்டம். நீங்கள் படித்த இரண்டு எண்களுமே சரியாக இருக்கக்கூடும். ஒரு மரம் எவ்வளவு குளிரைத் தாங்கும் என்பது வகையை மட்டும் பொறுத்ததல்ல. உறைபனி வந்த வாரத்தில் அந்த மரம் எந்த நிலையில் இருந்தது என்பதையும் பொறுத்தது.

எலுமிச்சைக் குடும்பத்தின் பசுமைமாறா மரங்களுக்கு ஆப்பிளுக்கு உள்ளது போன்ற ஆழ்ந்த குளிர்கால உறக்கம் கிடையாது. வெப்பநிலை ஏறத்தாழ 13 டிகிரிக்குக் கீழே போகும்போது அவற்றின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. அந்தக் குளிர்ச்சி சில வாரங்கள் இடைவிடாமல் நீடித்தால் திசுக்களில் சர்க்கரை சேர்ந்து, நீர்ப்பங்கு குறைந்து, உள்ளே பனிக்கட்டி உருவாவதைத் தள்ளிப்போடும் திறன் படிப்படியாகக் கூடும். இப்படிப் பக்குவப்பட்ட சட்சுமா மைனஸ் 8 அல்லது 9 வரை தாக்குப்பிடிக்கும். அதே மரம், இலையுதிர்காலக் கடைசிவரை இதமான வானிலையில் கொழுந்து விட்டுக்கொண்டிருந்து, திடீரென்று ஒரே இரவில் மைனஸ் 5 ஐச் சந்தித்தால் கிளைகள் கருகிப்போகும். கோடை முடிந்தபிறகு தழைச்சத்து உரம் போடக்கூடாது என்று சொல்வது இதற்காகத்தான்.

நடுவில் வரும் இதமான வானிலை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஃபுளோரிடாவில் நடந்ததைச் சொல்லலாம். 1894 டிசம்பர் இறுதியில் வந்த உறைபனி அங்கே பழங்களையும் இலைகளையும் அழித்தது என்றாலும், பெரும்பாலான மரங்கள் உயிரோடுதான் இருந்தன. அடுத்து வந்த மிதமான வாரங்களில் அவை துளிர்த்து, பட்டைக்கு அடியில் சாறு ஓடத் தொடங்கியிருந்த வேளையில், 1895 பிப்ரவரியில் இரண்டாவது உறைபனி வந்து தோப்புத் தோப்பாக மரங்களைக் கொன்றது. ஆகவே உங்கள் பகுதியில் எவ்வளவு இறங்குகிறது என்பதோடு, எப்போது இறங்குகிறது, அதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்கள் எப்படி இருக்கின்றன என்பதையும் குறித்து வையுங்கள்.

நேரமும் ஒரு கணக்கு. விடியற்காலையில் ஒரு மணி நேரம் மைனஸ் 8 ஐத் தொட்டுத் திரும்புவதும், பகலிலும் பூஜ்ஜியத்தைத் தாண்டாமல் இரண்டு நாள் அப்படியே கிடப்பதும் ஒன்றல்ல. மெல்லிய குச்சி சில நிமிடங்களில் காற்றின் வெப்பநிலைக்கு வந்துவிடும். கைப்பருமன் உள்ள தண்டு உள்ளுக்குள் குளிரப் பல மணி நேரம் ஆகும். இளங்கன்று முழுவதுமே மெல்லிய குச்சிதான் என்பதால், பெரிய மரத்துக்குச் சொல்லப்படும் எண்ணை முதல் சில ஆண்டுகளுக்குக் கன்றுக்குப் பொருத்திப் பார்க்கக்கூடாது.

தோராயமான வரிசையைச் சொல்லிவிடுகிறேன். மெல்லிய தோலுள்ள சிறு எலுமிச்சை மைனஸ் 2 இலேயே அடிபடும். பெரிய எலுமிச்சைக்கு மைனஸ் 3, மைனஸ் 4. மேயர் எலுமிச்சை அதைவிட ஓரிரு டிகிரி கூடுதலாகத் தாங்கும். சாத்துக்குடி போன்ற இனிப்பு ஆரஞ்சுகள் மைனஸ் 5 அருகில் இலையிழக்கும். தோலோடு தின்னும் சிறு பழம் தரும் கும்குவாட் பெரும்பாலும் சட்சுமாவுக்கு இணையானது. அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு, வசந்தத்தில் மற்றவற்றைவிடத் தாமதமாகவே துளிர்க்கும். யுசு என்ற ஜப்பானியப் புளிப்பு வகை மைனஸ் 10 ஐயும் சற்றுத் தாண்டும். இலையை முற்றிலும் உதிர்த்துவிட்டு உறங்கும் மூவிலை ஆரஞ்சு மைனஸ் 20 இலும் நிற்கும்.

உங்கள் நிலத்தில் நான் நடுவதென்றால், மூவிலை ஆரஞ்சை வேர்ச்செடியாக (ஒட்டுக்கு அடியில் வேரைத் தரும் செடியாக) கொண்ட சட்சுமாவையும் யுசுவையும் நடுவேன். அந்த வேர்ச்செடி மேலே உள்ள ஒட்டையும் சற்று முன்னதாகவே அடங்கச் செய்து, குளிர்தாங்கும் திறனைக் கூட்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உங்கள் மண் சுண்ணாம்பு மிகுந்த காரமண் என்றால் மூவிலை வேரால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல், இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மற்ற இடமெல்லாம் வெளுத்துவிடும். நடும் காலம் வசந்தமாக இருக்கட்டும். இலையுதிர்காலத்தில் நட்டால் வேர் பிடிப்பதற்குள் குளிர் வந்துவிடும்.


கண்ணாடிக்கூடம் எழுதியது:

எலுமிச்சையின் இலை உதிர்வைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வெப்பமூட்டாத கண்ணாடிக் கூடத்தில் தொட்டிச் செடி வைத்திருக்கும் எல்லோருக்கும் வரும் சிக்கல் இது. பெரும்பாலோர் இதை நீர்க்குறைவு என்றோ நோய் என்றோ எண்ணிக்கொள்கிறார்கள்.

உங்கள் கூடத்தில் வெயில் படும் ஒரு குளிர்காலப் பகலை எண்ணிப் பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இலை மீது நேர்வெயில் விழுகிறது. காற்று 10 டிகிரியாக இருந்தாலும் இலை 25 டிகிரிக்கும் மேலே சூடேறிவிடும். இலைத்துளைகள் திறந்து நீராவி வெளியேறத் தொடங்குகிறது. ஆனால் தொட்டி குளிர்ந்த தரைமீது இருக்கிறது. இரவு முழுவதும் குளிர்ந்த மண், பகலிலும் 5, 6 டிகிரியைத் தாண்டியிருக்காது. 13 டிகிரிக்குக் கீழே எலுமிச்சையின் வேர் பெரும்பாலும் வேலை செய்வதில்லை; மண் சொதசொதவென்று ஈரமாக இருந்தாலும் மேலே அனுப்பப் போதிய நீரை உறிஞ்ச அதனால் முடிவதில்லை. கேட்கும் இலைக்குக் கொடுக்க நீர் இல்லாதபோது, மரம் இலையையே கழற்றிவிடுகிறது. காம்பை விட்டுவிட்டு இலைத்தாள் மட்டும் விழுவது இந்த அவசரத்தின் அடையாளம். கூடத்தில் வெயில் படும் பக்கத்துக் கிளைகள்தான் முதலில் மொட்டையாகின்றனவா என்று பாருங்கள். அப்படி என்றால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதிலிருந்து வெளிவர இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் பாதிப் பாதியாகக் கலந்தால் பயன் இருக்காது.

முதல் வழி, வேரையும் சூடாக வைத்திருப்பது. விதை முளைக்க வைக்கப் பயன்படும் மின்சூட்டு விரிப்பைத் தொட்டிக்கு அடியில் வைத்து, தொட்டியின் பக்கங்களைத் தடித்த நுரைப்பலகையால் சுற்றி, மண்ணுக்குள் ஒரு வெப்பமானியைச் செருகி, 15 முதல் 18 டிகிரி வரை நிற்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். அப்போது செடி குளிர்காலத்திலும் ஓரளவு உயிர்ப்போடு இருக்கும். பூ விடுவதும் உண்டு. நீர் வழக்கம்போல் தேவைப்படும். காற்று வறண்டிருப்பதால் செஞ்சிலந்தியும் செதில் பூச்சியும் வரும். இலையின் அடிப்பக்கத்தை வாரத்துக்கொரு முறை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்ப்பது நல்லது.

இரண்டாவது வழி, முழுச் செடியையும் ஒரே குளிர்ச்சியில் அடக்கி வைப்பது. 3 முதல் 8 டிகிரிக்குள் நிற்கும், நேர்வெயில் படாத, ஆனால் இருட்டாகிவிடாத இடம் போதும். கூடத்தை விட்டு மாற்ற இடமில்லை என்றால், வெயில் வரும் பக்கத்தில் பாதி ஒளியை மறைக்கும் நிழல்வலையைக் கட்டிவிடுங்கள். நீரை மிகக் குறைத்து, மேல்மண் இரண்டு அங்குலம் உலர்ந்த பிறகே சிறிதளவு ஊற்றுங்கள். நான் இந்த இரண்டாவது வழியையே விரும்புவேன். மின்சாரம் நின்றுபோனாலும் கெடுதல் வராத முறை இது. வெர்சாய் அரண்மனையில் 1684க்கும் 1686க்கும் இடையில் கட்டப்பட்ட ஆரஞ்சுக்கூடம் அடுப்பு இல்லாமலே இயங்கியது. தெற்கு நோக்கிய நெடிய சாளரங்களும், மிகத் தடித்த சுவர்களும், பெட்டிகளில் வளர்ந்த நூற்றுக்கணக்கான மரங்களை உறையாமல் வைத்திருந்தன. மரங்கள் அங்கே வளரவில்லை, குளிர்காலத்தைக் கழித்தன, அவ்வளவுதான்.

எந்த வழியானாலும் தொட்டியைத் தரையோடு வைக்காமல் மரக்கட்டைகள்மீது ஏற்றிவையுங்கள். வெதுவெதுப்பான நீரை ஊற்றினால் சரியாகும் என்றும் சிலர் சொல்வார்கள். ஓரிரு மணி நேரத்தில் மண் மீண்டும் பழைய குளிர்ச்சிக்குத் திரும்பிவிடும் என்பதால் அதில் பெரிய பலன் கிடையாது.


புளிப்புக்காய் எழுதியது:

வேர்முடிச்சு அவர்கள் சொன்ன வரிசையோடு எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் பனித்தோட்டம் கேட்ட “இன்னும் உறுதியான வகைகள்” பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லத் தோன்றுகிறது. குளிர் தாங்குமா என்று மட்டும் பார்த்து மரம் வாங்குபவர்கள், காய்த்தபிறகு அதைச் சாப்பிட முடியுமா என்று கேட்க மறந்துவிடுகிறார்கள்.

ஃபுளோரிடா உறைபனிக்குப் பிறகு, 1897 இல் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த வால்டர் ஸ்விங்கிளும் ஹெர்பர்ட் வெப்பரும் மூவிலை ஆரஞ்சையும் இனிப்பு ஆரஞ்சையும் கலந்து, குளிரைத் தாங்கும் நல்ல பழம் ஒன்றை உருவாக்க முனைந்தார்கள். பிறந்த கலப்பினங்களுக்குச் சிட்ரேஞ்ச் என்று பெயர். குளிர் தாங்கும் குணம் ஓரளவு வந்தது. அதோடு மூவிலையின் கசப்பும், நாக்கில் பிசினாக ஒட்டும் எண்ணெய் வாடையும் சேர்ந்தே வந்துவிட்டன. அந்த முயற்சி வழியாக வந்த கரிசோ, ட்ராயர் போன்ற சிட்ரேஞ்சுகளும், கிரேப்ஃப்ரூட்டைக் கலந்து பிறந்த ஸ்விங்கிள் சிட்ருமெலோவும் பழத்துக்காக அல்லாமல் வேர்ச்செடிகளாகவே உலகெங்கும் பரவின. மார்டன் என்ற சிட்ரேஞ்ச் மட்டும் ஓரளவு ஆரஞ்சை நினைவூட்டும். அதையும் மரத்திலேயே முற்றவிட்டுப் பறித்து, தோலின் எண்ணெய் கலக்காமல் சாறு எடுக்க வேண்டும். கும்குவாட்டோடு சிட்ரேஞ்சைக் கலந்து வந்த தாமஸ்வில் சிட்ரேஞ்ச்குவாட் நல்ல புளிப்பு. எலுமிச்சைக்கு மாற்றாகத் தாராளமாகப் பயன்படுத்தலாம். யுசுவில் சாறு குறைவு, விதை அதிகம். அதன் பெருமையெல்லாம் தோலின் மணத்தில் இருக்கிறது.

பெரும்பாலான பட்டியல்களில் வராத இன்னொன்றும் உண்டு. மரம் பிழைப்பது வேறு, பழம் பிழைப்பது வேறு. மைனஸ் 2, மைனஸ் 3 இல் சில மணி நேரம் நின்றாலே பழம் உள்ளே உறைந்து, சாற்றுப்பைகள் உடைந்து, சில வாரங்களில் சக்கையாகிவிடும். அப்படியானால் மைனஸ் 9 ஐத் தாங்கும் மரமாக இருந்தாலும், அதன் பழம் கடுங்குளிர் தொடங்குவதற்கு முன்பே முற்றிவிட வேண்டும். பிந்திப் பழுக்கும் வாலன்சியா ஆரஞ்சு உங்கள் பகுதிக்கு ஆகாததற்கு முதன்மைக் காரணம் இதுதான். சட்சுமாவில் ஒகிட்சு, மிஹோ ஆகிய முன்பருவ வகைகள் இலையுதிர்காலத்தின் முதற்பாதியிலேயே, தோல் இன்னும் பாதி பச்சையாக இருக்கும்போதே, உள்ளே இனித்துவிடும். தோல் நிறம் மாறட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஆக, கசக்கும் மரத்தைக் காவல் இல்லாமல் வளர்ப்பதைவிட, இனிக்கும் சட்சுமாவை ஆண்டுக்குச் சில இரவுகள் மூடிக் காப்பது மேல் என்பது என் கருத்து. வேர்முடிச்சு அவர்கள் யுசுவுக்கு வாதாடக்கூடும்!


வேர்முடிச்சு எழுதியது:

வாதாடத்தான் போகிறேன். மூடிக் காக்க வீட்டில் ஆள் இல்லாத இரவும் வரும். அப்போது யுசு நிற்கும். மற்றபடி பழம் முற்றும் காலத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றுமளவுக்கு அது முக்கியமானது.


பனித்தோட்டம் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. கூடத்தில் போய்ப் பார்த்தேன். கண்ணாடியை ஒட்டிய பக்கத்துக் கிளைகள்தான் மொட்டையாக உள்ளன, சுவர்ப்பக்கம் இலை அப்படியே இருக்கிறது. மண்ணில் செருகிய வெப்பமானி நண்பகலில் 6 டிகிரி காட்டியது. நிழல்வலை கட்டப்போகிறேன்.

சட்சுமாவைத் தரையில் நடுவதென்று முடிவு செய்துவிட்டேன். வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டி இடம் இருக்கிறது. கன்றின் ஒட்டுமுடிச்சு, அதாவது ஒட்டும் வேர்ச்செடியும் சேரும் இடம், மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தெரிகிறது. மைனஸ் 8 இரவுகளில் எதைக் கொண்டு, எப்படி மூடுவது? வெள்ளைப் பனித்துணி என்று விற்கிறார்களே, அது மட்டும் போதுமா? தோட்டத்தின் மறுபக்கத்தில் வாழை, விசிறிப்பனை போன்ற வெப்பமண்டலத் தோற்றமுள்ள செடிகள் சிலவற்றையும் வைக்க ஆசை உண்டு.


மூடாக்கு எழுதியது:

வணக்கம். மூடுவதற்கு முன், எந்த வகைக் குளிர் வருகிறது என்று பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். காற்றில்லாமல், வானம் தெளிவாக, நட்சத்திரம் பளிச்சென்று தெரியும் இரவில் தரையின் வெப்பம் வானத்துக்குப் போய்விடுவதால் உறைகிறது; அது ஒரு வகை. வடக்கிலிருந்து காற்றோடு வரும் குளிர்ந்த காற்றுத்திரள் இன்னொரு வகை. முதல் வகையில் துணி நன்றாக வேலை செய்யும். இரண்டாவதில் துணி காற்றைத் தடுப்பதோடு சரி, டிகிரிக் கணக்கில் பெரிதாக எதுவும் தராது.

பனித்துணி தானாக வெப்பம் உண்டாக்குவதில்லை. பகலில் மண் வாங்கி வைத்த வெப்பம் இரவில் மேலே எழும்போது அதைப் பிடித்து வைக்கிறது. ஆகையால் துணி தரைவரை இறங்கி, ஓரங்களில் கல்லோ கட்டையோ வைத்து அழுத்தப்பட்டிருக்க வேண்டும். பலர் துணியை மரத்தின் தலைமேல் போட்டு, மடக்கிய குடையைப் போல் தண்டோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். தரையின் வெப்பம் வெளியிலேயே போய்விடும், உள்ளே இருப்பது வெறும் குளிர்ந்த காற்று. சரியாகப் போட்ட ஓர் அடுக்குத் துணி 2 அல்லது 3 டிகிரி தரும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நெகிழித்தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். அதையே போட வேண்டியிருந்தால் நான்கு கம்புகள் நட்டு அவற்றின்மேல் போட்டு, காலையில் வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

மைனஸ் 8 இல் அந்த 3 டிகிரி போதாமல் போகலாம் என்பதால், உள்ளே சிறிது வெப்பமும் வேண்டும். பழைய வகை இழைபல்பு அலங்கார விளக்குச் சரம் இதற்கு மிகவும் ஏற்றது. ஒரு பல்புக்கு 7 வாட் என்றால் 25 பல்புகள் 175 வாட். பன்னிரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 2 யூனிட் மின்சாரம் முழுவதும் வெப்பமாகத் துணிக்குள்ளேயே தங்கும். எல்ஈடி சரத்தைச் சுற்றிவிட்டு வெப்பம் எதிர்பார்க்காதீர்கள். அதன் சிறப்பே மின்சாரம் குறைவாக இழுப்பதுதான். வெளியில் பயன்படுத்த உரிய சரமாகவும், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் இணைப்பாகவும் இருக்கட்டும். பல்பு துணியைத் தொடக்கூடாது.

மின்சாரம் வேண்டாம் என்றால் நீரை நம்பலாம். 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை நிரப்பித் துணிக்குள் வைத்தால், அந்த நீர் 10 டிகிரியிலிருந்து பூஜ்ஜியத்துக்கு வரும்போதே 2 யூனிட்டுக்கும் சற்று அதிகமான வெப்பத்தை விட்டுவிடும், அதாவது மேலே சொன்ன விளக்குச் சரம் இரவு முழுவதும் எரிவதற்குச் சமம். அதன்பிறகு உறையத் தொடங்கினால், ஒவ்வொரு லிட்டரும் 334 கிலோஜூல் தரும். பீப்பாயில் ஐம்பது லிட்டர் மட்டுமே உறைந்தாலும் 4.6 யூனிட் ஆகிவிடுகிறது. ஆனால் இந்த வெப்பம் பூஜ்ஜியத்தில் வருவது என்பதால் பெரிய மரத்தைக் காப்பதற்குப் போதாது. ஆளுயரத்துக்கும் குறைவான கன்றுக்குப் போதும்.

வணிகத் தோட்டங்களில் இரவு முழுவதும் நீர் தெளித்து மரத்தையே பனிக்கட்டியால் மூடுவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். உறையும் நீர் விடும் அதே வெப்பத்தை நம்பிய முறைதான் அது. தெளிப்பு நடுவில் நின்றுபோனாலோ காற்று வலுத்தாலோ ஆவியாதல் மரத்தை மேலும் குளிரவைத்துவிடும். கிளைகள் கட்டியின் பளுவால் முறியவும் செய்யும். வீட்டுத் தோட்டத்தில் அதைச் செய்து பார்க்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விட உறுதியான காப்பீடு மண்மேடுதான். கடுங்குளிர் தொடங்குவதற்கு முன், கன்றின் அடியைச் சுற்றி மணற்பாங்கான, கட்டி இல்லாத மண்ணை ஒட்டுமுடிச்சுக்கு மேல் ஒரு முழம் உயரத்துக்குக் குவித்துவிடுங்கள். மேலே எல்லாம் செத்தாலும் மேட்டுக்குள் இருக்கும் சட்சுமாத் தண்டு பிழைத்து, வசந்தத்தில் அதிலிருந்தே துளிர்க்கும். எறும்புப் புற்று இல்லாத மண்ணாகப் பார்த்து எடுங்கள். உறைபனிக் காலம் முடிந்ததும் மேட்டை முழுவதுமாக அகற்றிவிட வேண்டும். கோடை ஈரத்தில் பட்டையைச் சுற்றி மண் கிடந்தால் அடித்தண்டு அழுகல் வந்துவிடும்.

இன்னொரு சிறு செய்தி. உறைபனி வரும் என்று தெரிந்தால் முந்தைய நாள் காலையிலேயே மண்ணை நன்றாக நனைத்துவிடுங்கள். ஈரமண் பகலில் அதிக வெப்பத்தைத் தேக்கும். வைக்கோல் மூடாக்கு வேருக்கு நல்லதுதான், ஆனால் மண்ணின் வெப்பத்தை மேலே விடாமல் தடுத்துவிடும். துணி போடும் இரவுகளில் மரத்தடி மூடாக்கைச் சற்று விலக்கிவைப்பது என் வழக்கம்.


வாழைமடல் எழுதியது:

வெப்பமண்டலத் தோற்றம் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு செடிகளைச் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

ஜப்பானிய நார்வாழை எனப்படும் மூசா பாஸ்ஜூ, பழம் தின்ன உதவாது, இலைக்காக வளர்ப்பது. முதல் உறைபனியில் இலை கருகி, சற்றுக் கூடினால் தண்டும் தளர்ந்துவிடும். ஆனால் கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு இருக்கும். மேலே காய்ந்த இலைச்சருகை முழங்கால் உயரம் போட்டுவைத்தால், மைனஸ் 15 ஐயும் கடந்து வசந்தத்தில் குருத்து விடும். தண்டு முழுவதும் செத்தால் ஆண்டுதோறும் தரையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். உயரம் வேண்டுமென்றால், இலைகளை வெட்டிவிட்டு, தண்டைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு அமைத்து, உள்ளே சருகை நிரப்பி, மேலே மழை இறங்காதபடி மூடிவையுங்கள். நனைந்த சருகு அழுகலைக் கொண்டுவரும்.

விசிறிப்பனைகளில் ட்ராகிகார்ப்பஸ் ஃபார்ச்சூனி உங்கள் குளிருக்கு நல்ல பொருத்தம். வேர்பிடித்த மரம் மைனஸ் 12 ஐத் தாண்டியும் நிற்கும். பனைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்றுதான். அந்தக் குருத்துக்குள் நீர் தங்கி உறைந்தால் நுனி அழுகி, வசந்தத்தில் நடு ஓலையைப் பிடித்து மெல்ல இழுத்தாலே கையோடு வந்துவிடும். ஆகவே ஓலைகளைச் சேர்த்துக் கட்டி, குருத்தின்மேல் மழை விழாமல் மறைப்பதே போதுமான பாதுகாப்பு.

பழத்துக்காக வேறு ஏதேனும் வேண்டுமென்றால், கொய்யாவின் உறவான ஃபெய்ஜோவாவைப் பாருங்கள். மைனஸ் 9 வரை கவலையில்லை. லோக்வாட் மரமும் குளிரைத் தாங்கும், ஆனால் அது பூப்பதே இலையுதிர்காலக் கடைசியில். மைனஸ் 3, 4 இல் பூவும் பிஞ்சும் கருகிவிடுவதால் உங்கள் பகுதியில் இலை அழகுக்கு மட்டுமே ஆகும்.


பனித்தோட்டம் எழுதியது:

மிகத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. கடைசியாக ஒரு கேள்வி. எல்லாம் செய்தும் மரம் அடிபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு செத்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எப்போது வெட்டுவது?


வேர்முடிச்சு எழுதியது:

உறைபனிக்கு மறுநாள் காலையில் இலைகள் கண்ணாடிபோல் நீர்கோத்து, கரும்பச்சையாகத் தொங்குவதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அப்படித் தெரியும் இலைகளில் ஒரு பகுதி, மெதுவாக உருகினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதற்குப் பிறகு வரும் ஒன்று இரண்டு வாரங்களில் இலை எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கவனியுங்கள். கருகிய இலைகள் தாமாகக் கழன்று உதிர்ந்தால் மகிழ்ச்சி அடையலாம். இலையைக் கழற்றிவிடுவதற்குக் கிளை உயிரோடு இருக்க வேண்டும். மாறாக, இலைகள் சுருண்டு பழுப்பாகி, காய்ந்தபடி கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தக் குச்சி இலையோடு சேர்ந்து செத்துவிட்டது என்று பொருள்.

ஆனாலும் கத்திரிக்கோலைத் தொட வேண்டாம். வசந்தத்தில் துளிர்த்த கொழுந்துகளில் சில, உள்ளே சேதமுற்ற கிளையின் மிச்சச் சத்தில் கிளம்பி, வெயில் ஏறியதும் வாடிவிடும். அந்த இரண்டாம் கட்டச் சாவு முடியும்வரை, அதாவது கோடைத் தொடக்கம்வரை பொறுத்திருந்து, பச்சைப் பட்டை தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே கவாத்து செய்யுங்கள். குளிர்காலத்திலேயே வெட்டினால், மரம் துளிர்க்கத் தூண்டப்பட்டு அடுத்த உறைபனியில் மீண்டும் அடிபடும். இலையிழந்த மரத்துக்கு நீரும் உரமும் குறைவாகவே தேவை. நிழல் இல்லாமல் வெயில் நேராக விழும் தண்டுகளில், வெள்ளை எமல்ஷன் வண்ணத்தைச் சம அளவு நீர் கலந்து பூசினால் பட்டை வெயிலில் வெடிக்காது.

துளிர்கள் வரும்போது முதலில் அவை எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள். ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகளும் நீண்ட தட்டையான முள்ளும் இருந்தால் அது ஒட்டுமுடிச்சுக்குக் கீழிருந்து கிளம்பிய மூவிலை வேர்ச்செடி. பிஞ்சாக இருக்கும்போதே விரலால் கிள்ளிப் பிய்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டே கோடைகளில் சட்சுமாவை அமுக்கிவிட்டு அதுவே மரமாகிவிடும். ஒற்றை இலையோடு, காம்பில் மெல்லிய இறக்கை மட்டும் உள்ள துளிர் முடிச்சுக்கு மேலிருந்து வந்தால் அது உங்கள் சட்சுமா. அவற்றில் நேராகவும் வலுவாகவும் உள்ள ஒன்றைத் தண்டாகத் தேர்ந்தெடுத்து, ஒரு கோலில் கட்டிவிடுங்கள். பெரிய வேர்த்தொகுதி கீழே தயாராக இருப்பதால், புதுக்கன்று நடுவதைவிட விரைவாகவே அது பழைய உயரத்துக்கு வந்துவிடும்.